யாரும் விரும்பாத நிலம்: ழான் ஆன்ரி ஃபாப்ரும் வாழ்வின் பயனும்

'பயன்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஒரு பொருளாலோ செயலாலோ கிடைக்கும் ஆதாயமும் பயன்தான்; பிறந்ததன் நோக்கம் நிறைவேறுவதும் பயன்தான். 'இந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன்?' என்று முதலாண்டு மாணவர் கேட்கும்போது முதற்பொருளில் கேட்கிறார். 'இந்தப் பிறவியால் என்ன பயன்?' என்று நடுவயதில் ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளும்போது அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதாலோ என்னவோ, முன்னதைத் தேடிக்கொண்டால் பின்னது தானே வந்து சேரும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

அப்படித் தானே வந்து சேர்வதில்லை என்பதை ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டே காட்ட முடியும். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் ஃபிரான்சில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர்; பெயர் ழான் ஆன்ரி ஃபாப்ர். பூச்சியியல் வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. இலக்கிய வரலாற்றிலும் உண்டு. அவர் எழுதிய 'பூச்சியியல் நினைவுகள்' பத்துத் தொகுதிகளாக 1879 முதல் 1907 வரை வெளிவந்தது. அந்த நூலைவிட அந்நூல் பிறந்த வழியே இங்கு நமக்கு முக்கியம்.

ஃபாப்ர் 1823 டிசம்பரில் அவேரோன் பகுதியின் சேன்-லெயோன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்பதற்காகக் குழந்தைப் பருவத்திலேயே தாத்தா பாட்டியின் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். தந்தை ஊர் ஊராகச் சென்று காப்பிக் கடை நடத்தினார். போன இடமெல்லாம் நட்டம். பதின்வயதில் சிறுவன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். இருப்புப்பாதை போடும் கூலிவேலைக்கும் போனான். பிறகு போட்டித் தேர்வெழுதி, உதவித்தொகையுடன் அவிஞ்ஞோன் நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம்பிடித்தான். 1842-இல் கர்பாந்த்ரா என்னும் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க்.

அங்கே ஒரு நிகழ்ச்சி. நில அளவைப் பாடத்துக்காக மாணவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். அளவுகோலை நட்டுவிட்டு வரச் சொன்ன பையன்கள் வழியில் குனிந்து எதையோ தேடுகிறார்கள்; கையில் வைக்கோல் துரும்பு. விசாரித்தால், கூழாங்கற்களின் மீது மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் கரிய தேனீ ஒன்றின் தேனைத் துரும்பால் உறிஞ்சுகிறார்களாம். ஆசிரியரும் குனிந்தார். அந்தக் 'கொத்தனார்' தேனீயைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆவலில் புத்தகக் கடைக்குப் போனார். பூச்சிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்று இருந்தது. அதன் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார். அந்த மாதம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மாணவர்களிடமிருந்து ஆசிரியர் கற்ற முதற்பாடம் இது.

1849-இல் கோர்சிகாத் தீவின் அழக்சியோவுக்கு இயற்பியல் ஆசிரியராகச் சென்றார். கணிதத்தில் மேற்பட்டம் பெற்றுப் பேராசிரியராவதே அப்போது அவர் எண்ணம். தாவரங்களைத் தேடித் தீவுக்கு வந்த மொக்கேன்-தாந்தோன் என்னும் அறிஞர் அவர் வீட்டில் தங்கினார். ஒரு தட்டில் நீரை ஊற்றி, தையல் கத்தரிக்கோலையும் ஊசிகளையும் கொண்டு ஒரு நத்தையின் உள்ளமைப்பை விரித்துக் காட்டினார். கணிதத்தை விட்டுவிட்டு உயிர்களின் பக்கம் வாரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இயற்கை வரலாற்றில் தாம் பெற்ற மறக்கவியலாத பாடம் அதுவே என்று ஃபாப்ர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1853-இல் அவிஞ்ஞோன் உயர்பள்ளிக்குத் திரும்பினார். குளிர்கால இரவொன்றில், குடும்பத்தார் உறங்கிய பின், லெயோன் துஃபூர் என்ற மருத்துவர் ஒரு குளவியைப் பற்றி எழுதிய கட்டுரை அவர் கையில் கிடைத்தது. அந்தக் குளவி தன் குஞ்சுகளுக்காகப் பொன்வண்டுகளைப் பிடித்து மண்ணுக்குள் சேமிக்கிறது. நாட்கள் பல கழிந்தும் வண்டுகள் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சில் பிணத்தைக் கெடாமல் காக்கும் மருந்து ஏதோ இருக்கிறது என்பது துஃபூரின் முடிவு.

இவ்விடத்தில் நம் ஊர் வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. குளவி புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்பார்கள். 'பிரமரகீட நியாயம்' என்று தத்துவ நூலோர் அதற்குப் பெயரும் இட்டனர். குருவை இடையறாது நினைக்கும் சீடன் குருவாகவே ஆவான் என்பதற்கு அது உவமை. புழு உள்ளே போவதையும், அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வருவதையும் நம் முன்னோர் சரியாகவே கண்டிருந்தனர். இடையில் இருட்டறைக்குள் நடப்பதைக் காணாததால் அந்த இடைவெளியை உவமையால் நிரப்பினர். துஃபூர் அதே இடைவெளியை வேதியியலால் நிரப்பினார்.

ஃபாப்ர் அந்த இடைவெளிக்குள் இறங்கிப் பார்த்தார். கூன்வண்டுகளை வேட்டையாடும் குளவிகளின் வளைகளைத் தோண்டினார். உள்ளே கிடந்த வண்டுகள் சாகவில்லை. அசைவை மட்டுமே இழந்திருந்தன. குளவி கொடுக்கைச் செலுத்தும் இடம் கால்களை இயக்கும் நரம்புக் கணுக்கள் கூடியிருக்கும் இடம் என்பதைக் கண்டார். எழுதுகோல் முனையால் அதே இடத்தில் ஒரு துளி அம்மோனியாவைச் செலுத்தித் தாமும் வண்டுகளைச் செயலிழக்கச் செய்து காட்டினார். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு உயிருள்ள, ஆனால் எதிர்க்க முடியாத உணவு. 1855-இல் இந்த ஆய்வு வெளியானது. மறு ஆண்டு ஃபிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசளித்தது. 1859-இல் வெளிவந்த தமது பெருநூலில் டார்வின் ஃபாப்ரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பள்ளியில் அவருடைய சம்பளம் 1600 பிராங்க். பதினெட்டு ஆண்டுகள் அது உயரவே இல்லை. தனிவகுப்பு எடுத்தே குடும்பத்தை ஓட்டினார். பல்கலைக்கழகப் பதவி குறித்துக் கேட்டபோது, சொந்தச் சொத்து இல்லாதவர் அந்த வாழ்க்கையை நடத்த முடியாது என்று ஆய்வாளர் ஒருவர் எச்சரித்தார். அறிவு இருந்தால் போதாது, செல்வமும் வேண்டும். ஆகவே செல்வம் ஈட்ட முனைந்தார். பயன் என்ற சொல்லின் முதல் முகத்தை அவர் தேடிப்போன காலம் இது.

அப்பகுதி விவசாயிகள் மஞ்சிட்டி இனத்துச் சாயச்செடியைப் பெருமளவில் பயிரிட்டு வந்தனர். அதன் வேரிலிருந்து கிடைக்கும் செந்நிறத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறையை ஃபாப்ர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தார். கல்வி அமைச்சர் விக்தோர் துரூய் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, சாயத்தில் ஊறிச் சிவந்த கைகளை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு நின்றாராம். 1868-இல் பாரிசுக்கு அழைக்கப்பட்டு, லெஜியோன் தொன்னர் விருது பெற்று, மூன்றாம் நெப்போலியன் முன்னிலையிலும் நின்றார். அதே 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அந்தச் செந்நிறத்தைச் செயற்கையாக உருவாக்கிவிட்டனர். சில ஆண்டுகளில் வயல்களிலிருந்து அச்செடி மறைந்தது. ஃபாப்ரின் நம்பிக்கையும் மறைந்தது.

அடுத்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. துரூய் ஊக்குவித்த மாலை வகுப்புகளில் ஃபாப்ர் பொதுமக்களுக்கு இலவசமாக அறிவியல் கற்பித்து வந்தார். இளம்பெண்களும் வந்து கேட்டனர். பூ எவ்வாறு காயாகிறது என்று பெண்களுக்கு முன்னிலையில் விளக்கினார் என்பது குற்றமாயிற்று. மதப்பற்று மிகுந்த வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 1870-இல், நாற்பத்தாறாம் வயதில், குழந்தைகளோடு போக்கிடமின்றி நின்ற அவருக்குக் கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். மனைவி இறந்து அடக்கமான அவிஞ்ஞோனிலேயே தங்கிவிட்ட மில்லும் ஃபாப்ரும் சேர்ந்து தாவரங்கள் தேடி அலைந்த நண்பர்கள். மில் எழுத்தாவணம் ஏதும் கேட்காமல் 3000 பிராங்க் கடன் கொடுத்தார். பயன்பாட்டுக் கொள்கையின் பெருந்தலைவர், பயனற்றதென ஊரார் கருதிய வேலையைச் செய்த மனிதரைக் காப்பாற்றினார் என்பது வரலாற்றின் நயமான முரண்களில் ஒன்று.

ஒராஞ்ச் நகருக்குக் குடிபெயர்ந்து பள்ளிப் பாடநூல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். கடன் தீர்ந்தது, சிறு சேமிப்பும் சேர்ந்தது. ஆனால் 1877-இல் அவருடைய மகன் ழூல் பதினாறு வயதில் இறந்தான். பூச்சிகளையும் பூக்களையும் தந்தைக்கு இணையாக நேசித்த பிள்ளை அவன். 1879-இல் முதல் தொகுதி வெளிவந்தது. மூன்று குளவியினங்களுக்கு அவன் பெயரையே சூட்டினார். மகனுடைய பெயர் இனி மண்ணில் வளை தோண்டும் உயிர்களோடு வாழும் என்று ஒரு தந்தை செய்த ஏற்பாட்டை நாம் வெறும் அறிவியல் பெயரிடலாகக் கருத முடியாது.

அதே ஆண்டு, ஐம்பத்தைந்தாம் வயதில், செரிஞ்ஞான் என்னும் கிராமத்தில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்தை வாங்கினார். செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த தரை. ஒருகாலத்தில் திராட்சை நின்று, பிறகு கொடிகள் பிடுங்கப்பட்டு, புல்லும் முட்செடியும் மண்டிய இடம். உழவுக்கு உதவாத இத்தகைய நிலத்தை அப்பகுதி மக்கள் 'அர்மாஸ்' என்பர். ஃபாப்ர் அதையே வீட்டுக்குப் பெயராக்கினார். முட்செடிகள் பூத்தால் காட்டுத்தேனீக்கள் வரும். தேனீக்கள் வந்தால் அவற்றை அண்டி வாழும் குளவிகள் வரும். வேறு எவருக்கும் ஆகாத நிலம் என்பதே அவருக்கு அதன் சிறப்பு. நாற்பதாண்டுக் காலம் அவர் விரும்பிய ஒரே சொத்து இதுதான். கிடைத்தபோது, காலம் கடந்துவிட்டதோ என்ற அச்சமும் கூடவே வந்தது.

கடக்கவில்லை. மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் அந்த மதிலுக்குள் வாழ்ந்தார். மதில் கட்ட வந்தவர்கள் விட்டுச்சென்ற கற்குவியலில் கொத்தனார் தேனீக்கள் குடியேறின. மணற்குவியலில் குளவிகள் வளை தோண்டின. வீட்டு வாசற்படியிலேயே ஒரு குளவியினம் குடியிருந்ததால், உள்ளே போகும்போது அதன் வளையை மிதித்துவிடாமல் கால்வைக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடங்களில் பூச்சியைக் கொன்று குத்திவைத்து அறுக்கிறார்கள். தாமோ அதை உயிரோடு, சில்வண்டின் பாட்டுக்கிடையே, அதன் வீட்டிலேயே பார்ப்பதாக எழுதினார். அக்காலப் பூச்சியியலுக்கு இது புதிய நெறி.

பார்த்தல் என்றால் எத்தகைய பார்த்தல்? செரிஞ்ஞானுக்கு வருமுன் நடந்த ஒன்றை அவரே பதிவு செய்திருக்கிறார். ஒரு குளவிக்காகப் பாதையோரக் கல்லில் காலையில் அமர்ந்திருந்தார். திராட்சை பறிக்கப்போன மூன்று பெண்கள் வணக்கம் சொல்லிக் கடந்தனர். மாலையில் கூடையைத் தலையில் சுமந்து திரும்பும்போதும் அவர் அதே கல்லில், அதே இடத்தை உற்றுப் பார்த்தபடி இருந்தார். ஒருத்தி நெற்றியில் விரலை வைத்துக் காட்டி, பாவம் சித்தம் கலங்கியவர் என்று முணுமுணுத்தாள். மூவரும் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு நகர்ந்தனர். ஊர் அளக்கும் அளவுகோலில் அவருடைய பகற்பொழுது முழுவதும் வீண்.

அர்மாஸில் அந்த வீண்பொழுதில் குடும்பமே பங்குகொண்டது. பிற எறும்புகளின் கூட்டைக் கொள்ளையிட்டுத் திரும்பும் செவ்வெறும்புகள் எப்படி வழி அறிகின்றன என்று ஆராய, ஆறு வயதுப் பேத்தி லூசியை உதவிக்கு வைத்துக்கொண்டார். எறும்புப் படை போன வழியெல்லாம் அந்தச் சிறுமி வெள்ளைக் கூழாங்கற்களைப் போட்டு அடையாளமிட்டாள். தாத்தா அந்தத் தடத்தைத் துடைப்பத்தால் பெருக்கியும் நீரைப் பாய்ச்சியும் சோதித்தார். சில்வண்டுக்குக் காது கேட்குமா என்று அறிய, ஊர்த் திருவிழா வேட்டுக்குழாய்களை வரவழைத்து மரத்தடியில் வெடித்தார். மரத்தின் மீது பாட்டு நிற்கவில்லை. சாணிவண்டு உருண்டைக்குள்தான் முட்டையிடுகிறது என்ற பழைய நம்பிக்கையைச் சரிபார்க்கப் பல்லாண்டுகள் காத்திருந்தார். மண்ணுக்கடியில் பேரிக்காய் வடிவில் தனியே செய்யப்பட்ட உருண்டையின் குறுகிய முனையில் முட்டை இருக்கிறது என்ற உண்மை, ஓர் ஆட்டிடையச் சிறுவனின் உதவியால்தான் வெளிப்பட்டது.

1896 சனவரியில் நடந்த சோதனை உலகப்புகழ் பெற்றது. பைன் மரக் கம்பளிப்புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிச் செல்பவை. ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் அந்த வரிசை ஏறியதும், தலையும் வாலும் இணையும்படி செய்து வட்டமாக்கினார். உணவு அருகிலேயே இருந்தும், குளிரிலும் பட்டினியிலும் அவை ஏழு நாட்கள் அதே வட்டத்தில் சுற்றின. முன்னால் போவதைப் பின்தொடர்வதே வாழ்க்கையென ஆனதன் விளைவு. இதை மனிதர்க்கு நீதிக்கதையாகச் சொல்வோர் பலர். ஃபாப்ர் நீதி சொல்ல அங்கே நிற்கவில்லை. புழுக்களோடு நின்று மணிகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய குறைகளையும் சொல்லியாக வேண்டும். பரிணாமக் கோட்பாட்டை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. இயல்பூக்கம் தொடக்கம் முதலே முழுமையாக அமைந்தது, மாறாதது என்று உறுதியாக நம்பினார். அமெரிக்காவில் பெக்கம் தம்பதியர் 1898-இல் வெளியிட்ட நூல், ஒரே இனக் குளவிகளும் கொட்டுவதில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்று காட்டியது. கம்பளிப்புழுக்களை வழிநடத்துவது அவர் எண்ணியதுபோல் பட்டுநூல் மட்டுமன்று, புழுவின் வயிற்றுமுனை விட்டுச்செல்லும் வேதித்தடமே என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. எனினும் கருத்து வேறுபாட்டைத் தாண்டி டார்வினும் அவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். தேனீக்கள் வீடு திரும்பும் திறனைச் சோதிக்க டார்வின் யோசனை கூற, ஃபாப்ர் அவற்றைப் பையிலிட்டுச் சுழற்றித் தொலைவில் விட்டுப் பார்த்தார். 1882-இல் டார்வின் இறந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவரின் பிழைகளைக்கூட அவர் எழுத்தைக் கொண்டே திருத்த முடிகிறது. கோட்பாடு தவறினாலும் குறிப்புகள் பிழைத்துக்கொண்டன.

வறுமை அவரை விடவில்லை. பாடநூல்களின் வருவாய் குறைந்து முதுமையில் மீண்டும் முடை வந்தது. புரொவான்சால் மொழிக் கவிஞர் மிஸ்த்ரால் போன்றோர் உதவ முன்வந்தனர். புகழ் மிகத் தாமதமாக வந்தது. 1910-இல் அறிஞர்கள் செரிஞ்ஞானில் கூடி விழா எடுத்தனர். நோபல் இலக்கியப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1913-இல் குடியரசுத் தலைவர் புவான்காரே நேரில் வந்து வணங்கினார். 1915 அக்டோபர் 11 அன்று தொண்ணூற்றோராம் வயதில் அர்மாஸிலேயே இறந்தார். 1922-இல் அரசு அந்த வீட்டையும் நிலத்தையும் வாங்கிப் பாதுகாத்தது. அதே ஆண்டு ஜப்பானில் ஓசுகி சாகாயே முதல் தொகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டார். சொந்த நாட்டைவிட அங்கே ஃபாப்ர் வீட்டுக்கு வீடு அறிந்த பெயரானார்.

இந்த வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எது பயன் தரும் என்று கணக்கிட்டு அவர் செய்த சாயவேலை ஓர் ஆய்வுக்கூடச் செய்தியால் அழிந்தது. பயனே இல்லை என்று ஊர் முடிவுகட்டிய வேலை நின்றது. இதிலிருந்து ஆதாயம் தேடுவது தவறு என்ற முடிவுக்கு நாம் வர வேண்டியதில்லை. பாடநூல் எழுதிச் சேர்த்த காசில்தான் அந்த முட்காடு வாங்கப்பட்டது. ஆனால் அர்மாஸை அவர் தம் வாழ்வின் பொருளைத் தேடி வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'நான் எதற்காகப் பிறந்தேன்?' என்ற கேள்வி அவருடைய பக்கங்களில் அரிது. 'இந்தக் குளவி இப்போது என்ன செய்கிறது?' என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் முதற்கேள்விக்கு அவர் வாழ்ந்தே விடை சொல்லிவிட்டார்.

மண்ணோடும் உயிர்களோடும் உறவு என்று இன்று பலரும் பேசுகிறோம். பெரும்பாலும் அது களைத்த மனத்துக்கு ஆறுதல் தேடுவதாகவே முடிகிறது. அங்கும் மையம் நாம்தான். ஃபாப்ரின் உறவில் மையம் மறுபக்கம் இருந்தது. குளவிக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. அது கொட்டும் இடத்தைச் சரியாகக் காண வேண்டும் என்ற கவலை அவருக்கு மட்டுமே. தம் துயரங்களுக்கு அந்த உயிர்களிடம் அவர் ஆறுதல் கேட்டதாகத் தெரியவில்லை. மகனை இழந்த பிறகும் அவற்றின் வளைகளைத் தேடிச் சென்றார். அவனுடைய பெயரை அவற்றிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

'படித்து என்ன பயன்?' என்று கேட்கும் மாணவருக்கு நாம் வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்; வயிறு எவரையும் விடுவதில்லை, ஃபாப்ரையும் விடவில்லை. அதோடு இந்தக் கதையையும் சொல்லலாம். துரும்போடு குனிந்த பையன்களைக் கண்டிக்காமல் தாமும் குனிந்து பார்த்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்றும், அவர் நிமிர்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின என்றும்.